மச்சானின் காரில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்

மச்சானை நினைத்தால் அவருடைய முகம் எனக்கு முதலில் வராது. அந்தக் கறுப்பு டேப் துண்டுதான் வரும். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். வயரில் சுற்றுகிற சாதாரண டேப். டேஷ்போர்டில் முருகன் சிலைக்கு நேர் கீழே, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டிய இடத்தில் அதைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தார். ஆயுத பூசையன்று ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, கியருக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தவர், அந்த டேப்புக்கும் ஒன்று வைத்தார். நோயை மூடி மறைத்து, அந்த மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட மனிதர் இந்த ஊவா மாகாணத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மச்சான் என்றால் என் அக்காவின் புருஷன். பதுளை டவுன்காரர். சொந்தமாக ஒரு பழைய ஜப்பான் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். அக்காவைக் கட்டியதற்காக எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துபோக வேண்டியிருந்ததை, அவர் ஒரு தண்டனையைப் போல அனுபவித்தார். வாசலில் காரை நிறுத்தி இறங்கியதும் சப்பாத்தில் சேறு பட்டதா என்றுதான் முதலில் பார்ப்பார். நான் ஓ லெவல் எழுதி, பாடங்கள் என்னைக் கைவிட்ட பிறகு, பதுளையில் சைலன்சர் பைப் ஒட்டும் கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமைகளில் அவரும் அக்காவும் காரில் பூனாகலைக்கு வருவார்கள். நானும் அதே டவுனில் இருந்து அதே ஊருக்குத்தான் வருவேன், பஸ்ஸில். பின் சீட்டில் இடம் இருக்கும். ஆனால் என் உடம்பில் கிரீஸ் வாடை வருகிறதாம், சீட் கவர் புதுசாம்.

அதற்காக நானும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை அவருடைய காரில் பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடிக்கிற மாதிரி வயரை மாற்றிவிட்டேன். அடுத்த நாள் கல்யாண ஹயர். அப்புத்தளையில் இருந்து பெரகல இறக்கம் முழுக்க, ஒவ்வொரு வளைவிலும் பொண்ணு மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு கார் கத்திக்கொண்டே போனதாம். அதில் இருந்து எனக்கு அவர் வைத்த பெயர் காவாலி. நான் அவருக்கு வைத்த பெயரை எழுதினால் இதை அச்சில் போட மாட்டார்கள்.

இப்படி இருந்த காலத்தில்தான் அக்கா வயிற்றில் பிள்ளை உண்டானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மச்சான் காரை ஸ்டார்ட் பண்ணியபோது நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி. இன்ஜின் பக்கம் இருந்து டிக், டிக், டிக் என்று மெல்லிய சத்தம், யாரோ நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில், இன்ஜின் சூடாக ஆக, சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. வேறு யாருக்கும் அது சத்தமே இல்லை. நான் தினமும் கேட்டுக்கொண்டு சோறு தின்கிற சத்தம் அது. புகை வெளியே வருகிற பைப்பின் தொடக்கத்தில், இன்ஜினோடு ஒட்டியிருக்கிற இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. குளிரில் வாய் திறந்திருக்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் முக்கால்வாசி மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போது மறுபடி திறக்கும்.

அந்த வெடிப்புக்குக் கொஞ்சம் தள்ளித்தான் சென்சர் இருக்கிறது. அதை இன்ஜினின் மூக்கு என்று சொல்லலாம். போகிற புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முகர்ந்து பார்த்து, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஒட்சிசன் கூட இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். குறைவாக இருந்தால் நிறுத்திக்கொள்ளும். பைப்பில் வெடிப்பு இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். மூக்கு ஏமாந்துவிடும். பெட்ரோல் போதவில்லை, போதவில்லை என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி ஊற்றும். எரியாத பெட்ரோல் கெட்ட புகையாக மாறி, அதில் ஒரு பங்கு அதே வெடிப்பு வழியாக வெளியே வந்து, காற்று போகிற ஓட்டையால் காருக்குள்ளும் போகும். அந்தப் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டு என்கிற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. விஞ்ஞானப் பாடத்தில் எனக்கு நினைவிருக்கிற ஒரே சொல் அதுதான். பெயரைச் சொல்லிப் பார்க்கவே நாக்கு சுளுக்கும் என்பதால் நினைவிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லத்தான் அந்த மஞ்சள் விளக்கை வைத்திருக்கிறார்கள். சாவியைப் பாதி திருப்பினால் அது எரிய வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு, யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். மச்சானும் முதலில் சென்சரைத்தான் மாற்றிப் பார்த்திருக்கிறார். பழையதை டிக்கியில் போட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். நுனி முழுக்க வெள்ளைப் பவுடர், திருநீறு பூசிய மாதிரி. எந்தப் புண்ணியவானோ வெடிப்பை ஒட்டாமல், அதன் மேல் சிவப்பு சிலிக்கன் பசையை அப்பியிருக்கிறான். பசை சூட்டில் ஆவியாகிப் போய் மூக்கை அடைத்துவிட்டது. புது சென்சரைப் போட்டும் விளக்கு அணையவில்லை. "சாமான் எல்லாம் டூப்ளிகேட்" என்று மச்சான் தீர்ப்பு சொல்லி, டேப்பை ஒட்டிவிட்டார்.

எனக்கு வண்டி நாசமாய்ப் போனால் சந்தோஷம்தான். அக்காதான் என் தூக்கத்தைக் கெடுத்தாள். சனிக்கிழமை காரில் இருந்து இறங்கும்போது அவளுக்குக் கால் நிலத்தில் நிற்காது. தலையைப் பிடித்துக்கொண்டு, கையில் பொலித்தீன் பையோடு இறங்குவாள். மலை ரோட்டில் வாந்தி எடுப்பது எங்களுக்குப் புதினமா? எலுமிச்சம்பழமும் பையும் இல்லாமல் யாரும் இங்கே வண்டி ஏறுவதில்லை. "வளைவு ரோடு, மசக்கை வேற" என்று அம்மா ஒரே மூச்சில் இரண்டு காரணம் சொல்லி முடித்துவிடுவார். குளிர் காற்று படக்கூடாது என்று மச்சான் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். அதை அக்கறை என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்தால் அக்கா தெளிந்துவிடுவாள். ஞாயிறு முழுக்கக் கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்பாள். கருவாட்டு வாடைக்குக் குமட்டாத மசக்கை, மச்சானின் காரில் மட்டும் எப்படி வரும்?

சத்தம் கேட்ட அந்த ஞாயிறு சாயங்காலமே சொன்னேன். என் வாழ்நாளில் சிரிக்காமல் பேசிய ஒரே பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"மச்சான், ஒங்க வண்டிப் பைப்புல வெடிப்பு இருக்கு. புகை உள்ளுக்கு வருது. அக்காவுக்கு வாறது மசக்கை இல்ல."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அடுத்த கூத்து ஆரம்பிச்சிட்டியா? ஹார்னு முடிஞ்சி இப்ப புகையா?"

"பிள்ள விசயத்துல கூத்து பண்ணுவேனா?"

"நீ எதுலதான் பண்ணல? ஒன்பதாம் வாய்ப்பாடு ஒழுங்காத் தெரியாத நாயி, எனக்கு வண்டி படிச்சிக் குடுக்கிறியா? புகை டெஸ்ட்டுல பாஸ் பண்ணி சர்டிபிகேட் குடுத்திருக்கான். நீ அவனவிடப் பெரிய ஆளா?"

டெஸ்டுக்குப் போகும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகி இருக்கும், வெடிப்பு வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். சத்தமாகச் சிரித்தார். அக்காவும் அவர் பக்கம்தான். "எப்பப் பாரு அவர சீண்டிக்கிட்டே இருக்காத. ஒன்னால எனக்குத்தான் வீட்டுல ஏச்சு" என்றாள். மச்சான் எழுந்து, என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "என் வண்டியில கைய வச்ச, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிருவேன்."

மறுநாள் திங்கட்கிழமை, அக்காவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக். காலையில் எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், தூறல் வேறு. அக்கா ஸ்வெட்டர் போட்டு, காதுக்கு மப்ளர் சுற்றி, பின் சீட்டில் சாய்ந்துகொண்டாள். கண்ணாடி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மச்சான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முருகனுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். பூசை முடிந்து சாவியைப் போடுவதற்குள், நான் திறந்திருந்த அவர் பக்கத்துக் கதவு வழியாகக் கையை விட்டு அதைப் பறித்தேன். பறித்த வேகத்திலேயே லயத்துக்குக் கீழே, தேயிலைக்குள் வீசிவிட்டேன். சாவி பனிக்குள் போனது தெரிந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அவர் விட்ட அறை மட்டும் லயம் முழுக்கக் கேட்டது. அம்மா குறுக்கே வந்திராவிட்டால் மிதித்தே இருப்பார். அக்கா காரை விட்டு இறங்கி, "நீயெல்லாம் ஒரு தம்பியாடா!" என்று கத்திவிட்டு, அழுதுகொண்டே பஸ் பிடிக்கப் போனாள். கிளினிக்கைத் தவறவிட முடியாது. துணைக்கு அம்மாவும் போனார்.

மச்சான் சாவி தேட இறங்கினார். எனக்குக் கன்னம் எரிந்தாலும், அதைப் பார்க்கக் கண் குளிர்ச்சியாக இருந்தது. டவுன் சப்பாத்தோடு சறுக்கிச் சறுக்கி, ஒவ்வொரு செடியாக விலக்கி, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டு தேடினார். அந்த மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் சும்மா விடுவார்களா?

"என்னாங்க மாப்பிள, தோட்டத்துல வேலைக்குப் பேரு பதிஞ்சிட்டீங்களா?"

"ரெண்டு இல ஒரு மொட்டுங்க! முத்தல ஒடிக்காதீங்க, கங்காணி ஏசுவாரு!"

அவர் தலை நிமிராமல் அடுத்த செடியை விலக்கினார். கடைசியில் பகல் கொழுந்து நிறுக்கும்போதுதான் சாவி கிடைத்தது. யாரோ ஒருத்தி பறித்த கொழுந்தோடு சேர்ந்து வந்து, சாக்கில் கொட்டும்போது கலகலவென்று விழுந்ததாம். அதை ஊரே பார்க்கக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள்.

அவர் லயத்துக்கு ஏறி வரும்போது போன் அடித்தது. கை முழுக்கச் சேறு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார். அக்காதான். கிளினிக் முடிந்துவிட்டதாம், எல்லாம் நல்லபடியாம்.

"வாந்தி எடுத்தியா?" என்று கேட்டார்.

"இல்லங்க. பஸ்ஸுல கண்ணாடி ஒடஞ்ச சீட்டுதான் கெடச்சிச்சி, ஒரே குளிரு. ஆனா தலவலி கூட இல்ல. ஸ்டேண்டுல வடை வாங்கித் தின்னேன்."

அதே ரோடு. அதே வளைவுகள். அதே வயிறு. மச்சான் போனை வைத்துவிட்டுக் காரைப் பார்த்தார். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது.

"சாமிக்கு மட்டும் ஊதுபத்தி காட்டுனா பத்தாது மச்சான். இன்ஜினுக்கும் ஒருக்கா காட்டுங்க. டிக் டிக்னு கேக்குற எடத்துல."

"மூடிக்கிட்டு உள்ளுக்குப் போடா!"

போனேன். போய் ஜன்னலில் நின்றுகொண்டேன். காலையில் இருந்து குளிரில் நின்ற வண்டி. ஸ்டார்ட் பண்ணினார். டிக், டிக், டிக். பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, முருகனுக்கு முன்னால் இருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார். பைப் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனார். புகை நேராக எழும்பிக்கொண்டே போனது. ஓர் இடத்தில் அது துள்ளியது. கையை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுபோனார். மறுபடி துள்ளியது, அந்த டிக் சத்தத்துக்குத் தாளம் போடுகிற மாதிரி. ஊதுபத்தி முக்கால்வாசி எரியும்வரை அவர் அசையவில்லை. பிறகு பொனட்டை மூடி, நான்கு கண்ணாடியையும் கீழே இறக்கினார். அதற்குள் கொட்டத் தொடங்கிவிட்ட மழையில், புது சீட் கவர் நனைய நனைய, காரை ஓட்டிக்கொண்டு போனார்.

 என் கராஜுக்கு அவர் வரவில்லை. பண்டாரவளையில் யாரிடமோ கொடுத்து பைப்பையும் சென்சரையும் மாற்றினார் என்று அக்காதான் சொன்னாள். "பழசாப் போச்சு, சும்மா மாத்துனேன்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார். அக்காவுக்குப் பெண் பிறந்தாள், எனக்கு மருமகள். லயமே காது பொத்துகிற அளவுக்கு அழுகிற நல்ல நுரையீரல். பெயர் வைக்கிற அன்று வந்தவர்கள் முன்னால் மச்சான் என்னைக் காட்டி, "சாவி இருக்கிற பக்கம் இவன விடாதீங்க" என்றார். இன்றைக்கும் நான் இருக்கிற வீட்டுக்கு வந்தால் கார்ச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அவர் அறைந்த கன்னத்தில் இப்போதும் குளிர் காலத்தில் பல் வலிக்கும். பல்லில் ஓட்டை என்று டாக்டர் சொல்கிறார். நான் மச்சான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கு வந்தார்கள். திரும்பிப் போகும்போது மருமகள் பின் சீட்டில் ஏறி, கண்ணாடியில் மூக்கை வைத்து எனக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள். என் பழக்கம் அப்படியே வந்திருக்கிறது. நான் மச்சான் பக்கத்து ஜன்னல் ஓரமாக நின்றேன். அவர் இடுப்பில் இருந்து சாவியை அவிழ்த்துப் போட்டார். வழக்கமாக ஒரே திருப்பில் ஸ்டார்ட் பண்ணுகிறவர், அன்று பாதியில் நிறுத்தினார். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. முருகனுக்கு நேர் கீழே, கறுப்பு டேப் இருந்த இடத்தில் அழுக்கேறிய பசை மட்டும் சதுரமாக இருந்தது. அதற்கு நடுவில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கிறேனா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் சாவியைத் திருப்பவும் இல்லை.

பிறகு ஸ்டார்ட் பண்ணினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"நவுறுடா காவாலி, கால்மேல ஏத்திருவேன்" என்றார்.