கூட்டத்துக்குக் கொண்டுபோன தயிர்சாதம்

என் கணவருக்குக் கீமோ நடக்கிறது. கார்டன் ரீச்சில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் புற்றுநோய் மையத்துக்கு பஸ் மாறிப் போய் வருவதற்குள் எனக்கு உடம்பில் தெம்பே இருக்காது. இந்த லட்சணத்தில், நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடும் கூட்டம், வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொண்டுவாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அலுத்துக்கொண்டேதான் தயிர்சாதம் பிசைந்தேன். திராட்சை, மாதுளை, கொத்தமல்லி எல்லாம் தாராளமாகப் போட்டேன். உடம்பு முடியாதவர்களுக்கு இதைவிட நல்லது என்ன இருக்கிறது என்று நினைப்பு.

கூட்டத்தில், தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெங்காலிப் பெண், அவளும் கீமோ எடுத்துக்கொள்பவள், "மாஷிமா, எனக்கும் கொஞ்சம்" என்று, சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி அவர்கள் பாஷையில் கூப்பிட்டு, தட்டை நீட்டினாள். வைத்தேன். அவள் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகும்போது, அங்கிருந்த நர்ஸ் வந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"இவளுக்கு வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைஞ்சிருக்கு. வீட்டுத் தயிர், வேகவைக்காத பழம், அதுவும் இந்த வெயில்ல பஸ்ல வந்தது. கிருமி தொத்திக் காய்ச்சல் வந்தா தாங்க மாட்டா" என்று என்னிடம் இந்தியில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நான் பாத்திரத்தை மூடினேன். வீட்டில் இவருக்கும் தினமும் இதைத்தானே போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று நர்ஸிடம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் சுடச்சுட ரசம் சாதம்தான். அணுக்கள் ஏறி, டாக்டரும் சரி என்றால்தான் தயிர். போன வாரம் இவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. இவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னிக்குத் தயிர் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.