தோல் போட்ட கம்பி

அன்றைக்கு மேடையில் கீபோர்டு செல்வம் இருந்தான். டிரம்ஸ் பாண்டி இருந்தான். பாடுகிற மேரியக்கா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. மைக்செட் முருகேசண்ணன் மேடைக்குக் கீழே, வயர்களுக்கு நடுவில். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற ஜாகிர். பேஸ் கிட்டாரோடு நான்.

ஜாகிர் செத்தது என்னால்.

எட்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எங்களுடையது கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா. ஊர்த் திடலில் கொடுக்கிற கரண்டை நம்ப முடியாது. எர்த் சரியில்லை என்றால் கிட்டார் கம்பியில் கரண்ட் ஏறி நிற்கும். கம்பியைப் பிடித்த கையோடு வாயை மைக்கில் வைத்தால்... அம்புட்டுதான்.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். பாடுகிறவன் மைக்கைத் தொடுமுன் நான் தொட வேண்டும். ஒரு கை என் கம்பியில், மறு கையின் புறங்கை மைக்கில். என் ஆம்ப்ளிபயரும் ஜாகிருடையதும் ஒரே பிளக் பெட்டியில்தான் சொருகியிருக்கும். என் கம்பியில் இருப்பதுதான் அவன் கம்பியிலும். சுருக்கென்று அடித்தால் நான் துள்ளுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். முருகேசண்ணன் அந்தப் பெட்டியின் ரெண்டு முள் பிளக்கைப் பிடுங்கி இடம் வலம் மாற்றிச் சொருகுவார், கம்பியில் கரண்ட் போய்விடும். நான் “ஒண்ணுமில்ல” என்று சொன்ன பிறகுதான் கச்சேரி.

என் கை உப்புக் கை. என் வேர்வை பட்டால் எந்தக் கம்பியும் இருபது நாளில் துருவேறிச் செத்துவிடும். டொக்கு டொக்கென்று மரத்தைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும் சத்தம். கழற்றிச் சோற்றுப் பானையில் கொதிக்க வைப்பேன். இரண்டு கச்சேரிக்கு உயிர் வரும். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கிட்டார் கடைக்குப் போனேன். ஜாகிர் கூட வந்தான். கடைக்காரர் இரண்டு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். ஒன்று வழக்கமான கம்பி. மற்றது புதுசாக வந்தது, விலையும் கூட.

“இதுல கம்பி மேல மெல்லிசா ஒரு தோல் போட்டிருக்கான். ஒங்க வேர்வை உள்ள எறங்காது. ஆறு மாசம் கவலையில்லாம வாசிக்கலாம்.”

ஜாகிர் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தான். “என்னண்ணே, கம்பிக்கு ரெயின்கோட் மாட்டி விட்டிருக்கான்!”

“ஒனக்கென்ன மாப்ள, வேலை செஞ்சாத்தான வேர்க்கும்” என்றேன்.

“வாங்குங்கண்ணே. சோத்துப் பானையாச்சும் மிஞ்சும்.”

வாங்கினேன்.

மாட்டி மூன்றாவது கச்சேரி, உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்றேன். ஜாகிர் மைக்கில் உதடு பட்டதும் “யா அல்லா!” என்று பின்னால் குதித்தான். உதடு தடித்துப்போனது. பாண்டி சொன்னான், “அண்ணனுக்குத் தோல் மரத்துப்போச்சுடா.” நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு அப்போதே சந்தேகம். முருகேசண்ணன் பிளக்குக்குப் போவதற்குள், கம்பி முடிகிற இடத்தில் இருக்கிற இரும்பு பிரிட்ஜில் கை வைத்து மைக்கைத் தொட்டேன். பிரிட்ஜுக்குத் தோல் கிடையாது. அடித்தது.

தெரிந்துவிட்டது. வேர்வை உள்ளே போகாத கம்பியில் கரண்டும் வெளியே வராது.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் பழைய கம்பிக்கே போ என்பார்கள். இல்லையென்றால் பிரிட்ஜைத் தொடு என்பார்கள். பத்து வருடம் எல்லோருக்காகவும் அடி வாங்கியாயிற்று, இனி போதும் என்று நினைத்தேனா? ஆமாம், நினைத்தேன். கரண்ட் அடிக்காத கை சுகமாக இருந்தது. என்ன சுகம் அது!

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊர்ப் பொங்கல். மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. மேடைப் பலகை ஈரம். கோயில் மேடை, எல்லோரும் வெறுங்கால். சாயங்காலம் நாலு மணிக்கு மைக் டெஸ்ட்.

“அண்ணே, தொட்டுட்டீங்களா?” என்று ஜாகிர் கேட்டான்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பிரிட்ஜைப் பார்த்தேன். ஈரத்தில் வெறுங்காலோடு நின்று அந்த அடியை வாங்கப் பயம். கம்பியில்தான் கை வைத்தேன். மைக்கைத் தொட்டேன். என் கை எதையும் சொல்லாது என்று எனக்குத் தெரியும்... தெரிந்தேதான் வைத்தேன்.

“ஒண்ணுமில்ல மாப்ள. பாடு.”

“ஹலோ” சொல்ல வாயைக் கொண்டுபோனான். ஸ்பீக்கரில் பாதிதான் வந்தது. கிட்டாரைப் பிடித்த கை விடவேயில்லை. முருகேசண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். விழுந்தான். வேனில் போட்டுக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டு, இல்லை என்றார்கள்.

ஊர்க்காரர்கள் முருகேசண்ணனை அடித்தார்கள். ஸ்டேஷனில் ஏட்டு என்னிடம் கேட்டார், “லைன் செக் பண்ணுனியா?”

“பண்ணுனேன் சார்.”

“கரண்ட் இருந்துச்சா?”

“எனக்கு அடிக்கல சார்.”

அப்படியே எழுதிக்கொண்டார். முருகேசண்ணன் சட்டை கிழிந்து பெஞ்சில் இருந்தார். “நீ இல்லைன்னு சொன்னியேப்பா! அத நம்பித்தானப்பா நான் பிளக்கைத் தொடல!” என்றார். கேஸ் அவர் பேரில் போனது. மைக்செட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போனார். அங்கே என்ன செய்கிறார் என்று தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

கோரிப்பாளையத்தில் ஜாகிர் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. “நீ மொதல்ல தொட்டியாமே தம்பி... ஒனக்கும் ஏதாச்சும் ஆயிருந்தா என்ன செய்யிறது?” என்று கேட்டது. அந்தக் கையைத்தான் பிடித்திருந்தது. டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

கம்பியைக் கழற்றி எறிந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நன்றாக இருந்த கம்பி. மறுமாதம் அதோடுதான் வாசிக்கப் போனேன். தேய்ந்த பிறகு அதே கம்பியைத்தான் மறுபடியும் வாங்கினேன்.

தொடும்போது மட்டும் பிரிட்ஜில் கை வைத்தேன். கையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அடித்தால் சொன்னேன், பிளக்கைத் திருப்பினார்கள், பாடினார்கள். ஆறு வருடம் அப்படி வாசித்துவிட்டு நிறுத்திவிட்டேன். அதில் கரண்ட் அடித்த மேடைகளை மட்டும் எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினொன்று.