செவுள் இல்லாத கொடுவா

மச்சான், நீ ஊருக்கு முன்னால் பொய் சொன்னாய். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பிள்ளைகள் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நின்ற இடத்தில், என் முகத்தைப் பார்க்காமல் பொய் சொன்னாய். அந்தப் பொய்யால் இன்றைக்கு நான் கல்முனைச் சந்தைக்குள் கள்ளன் மாதிரி நடக்கிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இவன் என் மனைவியின் தம்பி. நான் கல்யாணம் முடித்து அவர்கள் வளவுக்குள் குடிவந்த காலத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் தூண்டில் போடுகிறோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத் தங்கூசி நூலைச் சிக்கெடுத்தோம், ஒன்றாக வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம், ஒன்றாகப் படித்தோம்.

என் தொழில் தண்ணீர் பம்ப் திருத்துவது. நாவிதன்வெளிப் பக்கத்து வயற்காரர்கள் கொண்டுவந்து போடுவார்கள். கை முழுக்க எண்ணெய்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் கடை திறக்க மாட்டேன். யார் வந்து கத்தினாலும் திறக்க மாட்டேன். கிட்டங்கித் தாம்போதிக்குப் போய்விடுவேன். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போகிற பாதை அது. மாரியில் வெள்ளம் அதன் மேலால் ஓடும். வெள்ளம் வடிந்த பிறகு ஓரத்தில் நின்று தூண்டில் போடலாம். கடலிலும் போடுவோம். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் பாண்டிருப்புக் கரையில் நின்று பாரை மீனுக்கு எறிவோம். ஆனால் என் மனம் ஆற்றில்தான்.

நான் பிழைப்புக்கு மீன் பிடிப்பவன் இல்லை. ஆசைக்குப் பிடிக்கிறேன். ஒருவனுக்குக் கரம் விளையாட்டு, ஒருவனுக்குக் கிரிக்கட், எனக்குத் தூண்டில். பிடித்ததைத் தின்கிறோம், மிஞ்சினால் அயலுக்குக் கொடுக்கிறோம். வீணாக்குவதில்லை.

நான் நல்ல தூண்டில்காரன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இறாலை வாலில் கொழுவினால் அது தண்ணீருக்குள் பம்பரம் சுற்றும், கொடுவா கிட்டவும் வராது. தலைக் கொம்புக்குக் கீழே, கறுப்பாகத் தெரிகிற இடத்தில் படாமல் கொழுவினால் உயிரோடு நீந்தும். தாம்போதிக்குக் கீழே தண்ணீர் போகும் குழாய் வாயில், நிழலும் ஓட்டமும் சேருகிற கோட்டில் கொடுவா காத்துக்கொண்டு கிடக்கும். அந்தக் கோட்டில் இறாலை விட வேண்டும். ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்தால் கெளுத்திதான் வரும். இது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

என்னிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பெரிய மீன் பிடித்தால் கரையிலேயே செவுளைப் பிடுங்கிவிடுவேன். வெயிலில் மீன் முதலில் கெடுவது செவுளில்தான். ஆரம்பத்தில் நான் முழு மீனாகக் கொண்டுபோனேன். உன் ராத்தா, என் மனைவி, ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இஞ்சருங்க, செவுளோட மீன் வந்தா குசினிக்குள்ள எடுக்க மாட்டன். வெளிய வெச்சி நீங்களே ஆக்கித் தின்னுங்க.”

அன்றையிலிருந்து மீன் கரைக்கு வந்தால் என் கை தானாகச் செவுளுக்குப் போகும். நீ இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். “மச்சான் மீனுக்கு ஒப்பரேஷன் செய்றாரு” என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறாய்.

இப்போது போட்டிக் கதைக்கு வருகிறேன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு உங்கள் விளையாட்டுக் கழகம் தாம்போதியில் தூண்டில் போட்டி வைத்தது. நல்ல காரியம். நானும் சந்தோஷமாகப் பதிந்தேன். நீ ஏற்பாட்டுக் குழுவில் நின்றாய். மேற்குப் பக்கத்துக் கரை உன் பொறுப்பு. குழுவில் இருப்பவர்கள் போட்டிக்காரரின் தூண்டிலையோ மீனையோ தொடக் கூடாது என்பது உங்கள் சட்டம். மற்ற எவரும் கரையேற்ற உதவலாம்.

எல்லாரும் பந்தலுக்குக் கிட்ட, கிழக்கில் நின்றார்கள். பாட்டும் சத்தமும் அங்கே. நான் மேற்கில் கடைசிக் குழாய் வாய்க்குப் போனேன். அங்கே புல் ஆள் உயரம். நீயும் நானும் தவிர வேறு ஆள் இல்லை.

கொடுவா எடுத்தது. எடுத்தவுடன் தண்ணீருக்கு மேலே எழும்பி வாயை விரித்து ஒரு உதறு உதறியது. தகரத்தை அடித்த மாதிரிச் சத்தம். பிறகு நேராகக் குழாய்க்குள் ஓடப் பார்த்தது. கொங்கிரீட் விளிம்பில் தங்கூசி உரசினால் கதை முடிந்தது. நான் தூண்டில் தடியைத் தண்ணீருக்குள் அமத்திப் பிடித்தேன். நீ கரையில் நின்றாய்.

“மச்சான், தளர விடாத! தளர விடாத!”

“வாயால பிடிக்காம வந்து கையால பிடிடா.”

“நான் குழுவுல நிக்கிறன். தொடப்படா.”

“அப்ப மீன்கிட்ட சொல்லு, கூட்டம் முடியுமட்டும் பொறுக்கட்டாம்.”

நீ சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தாய். யாரும் உன்னைத் தள்ளவில்லை. முழங்கால் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, புல்லுக்குள் எறிந்தாய். அப்போதுதான் கத்தினாய்.

“யா அல்லாஹ், கிழிச்சிட்டான்!”

கொடுவாவின் செவுள் மூடி சவர அலகு மாதிரி. உன் வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே நீளமாக வெட்டியிருந்தது. ரத்தம் கொட்டியது. 

“செவுள் மூடிக்குள்ள கைய விட்டா முத்தம் தருவானா?” என்று கேட்டுக்கொண்டே என் லேஞ்சித் துணியை எடுத்து நான்தான் கட்டிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் ஆயுளில் நான் பிடித்த கொடுவாக்களில் அதுதான் பெரிது. நீ என்னைக் கட்டிப் பிடித்தாய். பிறகு பந்தல் பக்கம் பார்த்தாய்.

“மச்சான், நான் தொட்டத ஒருத்தருக்கிட்டயும் சொல்லிடாத.”

“நான் என்னத்துக்குச் சொல்ல?”

நீ போனாய். நான் வழக்கம்போல செவுளைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன்.

எங்கள் சந்தையில் மீன் வாங்கத் தெரிந்த எவரும் செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். சிவப்பாக இருந்தால் நல்ல மீன். வெளிறியிருந்தால் ஐஸில் கிடந்த பழைய மீன். அதனால் சில வியாபாரிகள் பழைய மீனின் செவுளைப் பிடுங்கிவிட்டு, “துப்பரவாக்கித் தந்திருக்கன்” என்பார்கள். செவுள் இல்லாத மீன் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

நடுவர் புடைவைக்கடை வைத்திருக்கிறவர். மேசையில் கிடந்த என் மீனைப் பார்த்து முதலில் “மாஷா அல்லாஹ்” என்றார். பிறகு சந்தைக்குப் போன மனிசன் மாதிரி செவுள் மூடியைத் தூக்கினார். ஒலிவாங்கி கையில் இருந்தது.

“இது எந்த ஆத்துல செவுள் இல்லாம நீந்தின மீன்?”

கூட்டம் சிரித்தது.

“நான்தான் எடுத்த. பிடிச்ச கையோட எடுக்கிறது என்ட பழக்கம்.”

“போட்டிக்கு நிறுக்கிற மீனுக்குமா? நிறை குறையுமே, காக்கா” என்று அண்ணன் முறை வைத்தே கேட்டார்.

“அதத்தானே நானும் சொல்றன். காசு குடுத்து மீன் வாங்கி ஏமாத்த வாறவன் மீன்ட நிறையக் கூட்டுவானா, பிடுங்கி எறிவானா? வாயத் திறந்து பாருங்க. தூண்டில் முள்ளுக் கிழிச்ச இடத்துல ரத்தம் கண்டி நிக்கிது. மவுத்தான மீனுக்கு ரத்தம் கண்டுமா?”

அவர் மீனின் வாயைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். சிரிப்பு அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு உன் பக்கம் திரும்பினார்.

“மேற்குப் பக்கம் நீங்கதானே பொறுப்பு? இவர் பிடிச்சதக் கண்டீங்களா?”

நான் உன்னைப் பார்த்தேன். நீ பரிசுக் கோப்பைகளைப் பார்த்தாய். வலது கை பொக்கற்றுக்குள் இருந்தது. என் லேஞ்சியின் நுனி வெளியே தெரிந்தது.

“நான் அந்த நேரம் இஞ்சால வந்துட்டன். காணல்ல.”

ஒலிவாங்கியில் அது தாம்போதியின் இரண்டு கரைக்கும் கேட்டது.

அந்த இடத்தில் உன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் காட்டியிருக்கலாம். எனக்குப் பலம் இருக்கிறது. ஆனால் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உன் ராத்தாவும் பந்தலில் பெண்கள் பக்கம் இருந்தாள். நான் மீனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பரிசுக் கோப்பை ஒரு செப்பலி மீன் பிடித்தவருக்குப் போனது. அவர் நேர்மையாகப் பிடித்தார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

அன்றிரவு உன் ராத்தா அந்தக் கொடுவாவில் புளியாணம் வைத்தாள். வழக்கம்போல நடுத்துண்டு உன் வீட்டுக்கும் வந்தது. கறிக் கோப்பை கழுவித் திரும்பி வந்தது. சந்தை மீன் என்றால் எதற்குத் தின்றாய்?

அதற்குப் பிறகு ஊர் என்னை விடவில்லை. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் என் கடை வாசலில் ஹோர்ன் அடித்து, “காக்கா, கொடுவா இரிக்கி. செவுளோடயா, செவுள் இல்லாமலா?” என்கிறார். பம்ப் திருத்த வந்த வயற்காரர் ஒருவர், “இதுக்குப் புதுச் சாமான்தானே போட்ட? கடையில பழசு வாங்கிப் போடல்லயே?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மீனுக்குச் சொன்னது இப்போது என் தொழிலுக்கும் வந்துவிட்டது. நான் பூட்டின சாமான் புதிதா பழையதா என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

நேற்று முன்தினம் நீ வந்தாய். முன் வாசலால் வரவில்லை. பின்பக்கத்தால் குசினிக்குள் வந்தாய். கையில் தூண்டிலுக்கு ஒரு புது றீல், பெட்டி உடைக்காதது.

“மச்சான், மன்னிச்சிக்க. சட்டத்த மீறினதெண்டு என்னக் குழுவால எடுத்திருப்பாங்க. இத வெச்சிக்க.”

“நான் மீன் வாங்கின கள்ளன் எண்டு ஊர் சிரிக்கிது. அதுக்கு றீலா?”

“நமக்குள்ள முடிச்சிக்குவம். ஊருக்கு என்னத்துக்கு?”

உன் ராத்தா அடுப்பிலிருந்து திரும்பினாள். அவள் யார் பக்கம் பேசுவாள் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மைக்குல சொன்ன பொய்ய குசினிக்குள்ள வந்து கழுவுறியாடா? இஞ்ச சட்டிதான் கழுவுற. எடுத்துட்டுப் போ அத.”

நீ எடுத்துக்கொண்டு போனாய். கையில் வெட்டுக் காயம் ஆறி, தடிப்பாக நின்றது. பார்த்தேன்.

எனக்குக் கோப்பை வேண்டாம். குழு ஆள் தொட்டதால் அந்த மீன் தள்ளுபடி என்றால், சரி, தள்ளுபடி. சட்டம் சட்டம்தான். அதை நான் அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் நான் அதை வாங்கி வரவில்லை. பிடித்தேன். நீ கரையேற்றினாய். உனக்குக் கொடுத்த வாக்கு நீ “காணல்ல” என்று சொன்ன இடத்தில் முறிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் உங்கள் கழகக் கூட்டம். அதே பந்தலை அங்கே போடுகிறார்கள். அதே ஒலிவாங்கி, அதே புடைவைக்கடை நடுவர். நான் முன்வரிசையில் இருப்பேன். வீட்டுக்கு வராதே, ஆள் அனுப்பாதே, ராத்தாவிடம் அழாதே. ஒலிவாங்கியை இடது கையில் எடு. வலது கையை உயர்த்தி உள்ளங்கையை ஊருக்குக் காட்டு. அந்தக் கையை வெட்டினது எந்த மீன், அது எந்தத் தண்ணீரில் நின்றது? எல்லாரும் கேட்கச் சொல்.