அத்தானின் பொம்மர் பாட்டு

ஒரு சைக்கிள் சில்லு. அதன் கம்பிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கண்ணாடித்தாள்களை ஒட்டி, சிறகு உடைந்த மேசைவிசிறி ஒன்றின் மோட்டரில் பூட்டி, பின்னால் பெரிய பல்ப் ஒன்றை எரியவிடுவார் அத்தான். சில்லு சுழன்றால் மேடை முழுவதும் நிறங்கள் ஓடும். பாடுகிறவரின் முகம் பச்சையாகி, நீலமாகி, மறுபடி மனித முகமாகும். கோயில் வீதி மணலில் பாய் விரித்து இருக்கும் சனத்தின் வெள்ளை வேட்டிகளிலும் நிறம் வழியும். அதைப் பார்ப்பதற்கென்றே பருத்தித்துறையிலிருந்து இளைஞர்கள் சைக்கிள் உழக்கி வந்தார்கள். தலை சுற்றுகிறது என்று ஏசிக்கொண்டு பாயைச் சுருட்டிப் போனவர்களும் உண்டு.

அத்தான் என் அக்காவின் கணவர். காங்கேசன்துறையில் மின்வேலை பார்த்தவர். நாலு கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு பொப் இசைக்குழு வைத்திருந்தார். அந்த நாட்களில் திருவிழாவுக்குத் திருவிழா இசைக்குழுக்கள் வரும்; எல்லாரும் சினிமாப் பாட்டுத்தான் படிப்பார்கள். அத்தானின் குழுவும் படிக்கும். ஆனால் நாலைந்து பாட்டுக்குமேல் அவருக்குப் பொறுக்காது, கிற்றாரை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்துவிடுவார். கப்பலில் வேலை செய்த வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் கொண்டுவந்த எக்கோ பெட்டி அவரிடம் இருந்தது. ஒருமுறை எழுப்பிய ஒலியை அது தானாகவே திரும்பத் திரும்பச் சொல்லி, தேய்ந்து தேய்ந்து அடங்கும். கிற்றாரை அதில் பூட்டிவிட்டால் அத்தான் இந்த உலகத்தில் இருக்கமாட்டார். சொல் இல்லாத, பல்லவி இல்லாத, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத இசை அது.

சனம் இரண்டாகப் பிரியும். இளசுகள் எழும்பி நின்று விசிலடித்து, "அண்ணை, இன்னொருக்கா!" என்று கத்துவார்கள். மற்றவர்கள் துண்டுக் கடதாசியில் சினிமாப் பாட்டு ஒன்றை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள், அது வராவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். அன்றைய திருவிழாச் செலவைப் பொறுப்பேற்ற உபயகாரர் மேடைக்குப் பின்னால் வந்து, "தம்பி, நாளைத் திருவிழாக்காரர் சிரிக்கப் போறாங்கள். ரெண்டு நல்ல பாட்டுப் படிச்சுப்போட்டு இறங்குங்கோ" என்று கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். அத்தான் தலையாட்டுவார், கேட்கமாட்டார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. தான் கட்டிய இசை ஒன்றைச் சனம் இடையில் எழும்பாமல் முடிவுவரை இருந்து கேட்க வேண்டும். பெரிய ஆசையா அது? எங்கள் ஊரில் அது பெரிய ஆசைதான்.

அந்த இசைக்கு அவர் வைத்த பெயர் 'விண்'. தை மாதத்து வாடைக்காற்றில் பட்டம் ஏற்றும்போது, வில்போல வளைத்த தடியில் நார் இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவார்கள். அதைத்தான் விண் என்போம். பட்டம் மேலே போனதும் அது ஊர் முழுவதற்கும் கேட்கக் கூவும். அந்தக் கூவலைக் கிற்றாரில் பிடிக்க அத்தான் மாதக்கணக்கில் மினக்கெட்டார். தூரத்தில் மெல்லிய ரீங்காரமாகத் தொடங்கி, கிட்ட வந்து, தலைக்குமேல் பெரிதாகி, ஒரு பக்கம் சாய்ந்து விலகிப் போகும். குசினிக்குள் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா, "இஞ்சாருங்கோ, நூல் அறுந்தமாதிரி முடிக்காதேங்கோ. ஆறுதலா இறக்குங்கோ" என்பாள். அவள் சொன்னபடியே மாற்றுவார். அவருடைய முதல் ரசிகை அவள்தான். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லும் ரசிகையும் அவள்தான்.

மேடையேற்றிய காலம்தான் பிழையாகிப்போனது. அதற்குள் எங்கள் வானத்துக்கு வேறு சத்தங்கள் வந்துவிட்டன. இரவில் வெளிச்சம் கண்டால் ஹெலிகொப்டர் வந்து சுடும் என்ற பயத்தில், எண்பத்தாறில் கச்சேரிகளைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். வெயிலில் அத்தானின் சில்லு ஒரு நிறமும் காட்டாமல் சும்மா சுற்றியது. பாட்டுகள் முடிந்து 'விண்' தொடங்கியது. ரீங்காரம் கிட்ட வந்து பெரிதானபோது யாரோ "பொம்மர்!" என்று கத்தினார்கள். குண்டு போடும் விமானத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. அவ்வளவுதான், வீதி வெறுமையாகிவிட்டது. பாதிச் சனம் வாழைத்தோட்டத்துக்குள் குப்புறப் படுத்தது. தேர் நிறுத்தும் தேர்முட்டிக்குப் பின்னால் கோயில் ஐயர் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். எங்கள் அக்கா செருப்பையும் விட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஓடியிருந்தாள். அத்தான் கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்தபோது கேட்பதற்கு ஒரு காகம்கூட இல்லை.

ஊர் சிரித்தது, ஏசவும் செய்தது. ஓடும்போது விழுந்து முழங்கால் உடைந்த ஒரு பெரியவரின் மகன் வீட்டுக்கே வந்து, "சனத்தின்ரை பயத்திலை விளையாடுறியோ?" என்று அத்தானின் சட்டையைப் பிடித்தான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் இளைஞர்களுக்கு அது புது விளையாட்டாகிவிட்டது. 'பொம்மர் பாட்டு' என்று பெயரே வைத்தார்கள். அசையாமல் இருந்து கேட்கிறவன் வீரன், எழும்புகிறவனுக்கு வருடம் முழுவதும் பகிடி. அடுத்த கச்சேரிக்கு முன் அத்தான் அக்காவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "நீ முன்னுக்கு இரு. என்ரை மனுசியே ஓடினால் சனம் இருக்குமோ? நீ எழும்பாமல் இருந்தால் ஒருத்தரும் எழும்பமாட்டினம்."

அக்கா சிரித்தாள். "இனி இடி விழுந்தாலும் எழும்பமாட்டன். போதுமோ?"

சொன்னபடியே இருந்தாள். அவள் இருப்பதைப் பார்த்து மற்றப் பெண்களும் இருக்கப் பழகினார்கள். பிள்ளைகளை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு நாள் கடைசி நாதம் அடங்கும்வரை ஒருவரும் எழும்பவில்லை. அன்று அத்தான் சாப்பிடக்கூட மனமில்லாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும் அக்கா முன்வரிசையில் இருந்தாள். நான் தள்ளி வேப்பமரத்தடியில் இருந்தேன். இசை பாதிக்கு வந்தபோது அத்தான் தலையை நிமிர்த்தி வடக்கே பார்த்தார். தன் ஒலிக்குள் இன்னோர் ஒலியை அவர்தான் முதலில் கேட்டார். தந்திகளிலிருந்து கையை எடுத்தார். சத்தம் நிற்கவில்லை. எக்கோ பெட்டிதான் திருப்பிச் சொல்கிறது என்று சனம் நினைத்தது. இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார், சனம் கைதட்டியது. மைக்கைப் பிடித்து, "இது நான் இல்லை! ஓடுங்கோ! இது நான் இல்லை!" என்று கத்தினார். அதையும் அந்தப் பெட்டி 'இல்லை, இல்லை' என்று திருப்பிச் சொல்ல, இளைஞர்கள் விசிலடித்தார்கள். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நான் எழும்பமாட்டன் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவர் மேடையிலிருந்து அவளை நோக்கிக் குதித்தார்.

முதல் குண்டு பின்வீதியில் விழுந்தது. அடுத்தது சனத்துக்குள். எங்கள் அக்கா இருந்த இடத்திலேயே போய்விட்டாள். அவளோடு இன்னும் சிலர். அவர்களின் உறவுக்காரர் இன்றும் ஊரில் இருக்கிறார்கள், அதனால் அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

ஊர் அப்போதும் இரண்டாகப் பிரிந்தது. குண்டு போட்டவனை விட்டுவிட்டுக் கிற்றார் அடித்தவனை ஏசுவதா என்றார்கள் சிலர். சனத்தை இருக்கப் பழக்கியவன் இவன்தானே என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் கிற்றாரைத் தொடவில்லை. தொண்ணூறுக்குப் பிறகு ஊரில் மின்சாரமும் இல்லாமல் போனதால், ஏன் வாசிப்பதில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தொண்ணூற்றைந்தில் எல்லாரும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, எங்கள் அம்மாவைச் சைக்கிளில் இருத்தி, அந்த மழையிலும் சனநெரிசலிலும் அவர்தான் உருட்டிக்கொண்டு வந்தார். வழியில் எங்கோ, "அத்தான், கொஞ்சம் நில்லுங்கோ, நான் பிடிக்கிறன்" என்றேன். எங்கள் பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது. அக்காவைப்பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

போன வருடத் திருவிழாவுக்கு முன் ஊர்ப் பெடியன்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். யாரோ வெளிநாட்டில் வைத்திருந்த பழைய கசெற்றிலிருந்து 'விண்' அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பழகிவிட்டார்களாம், மேடையில் வாசிக்கலாமா என்று கேட்டார்கள். அவர்களைத் துரத்திவிட வேண்டும்போல இருந்தது எனக்கு. அத்தான், "அடியுங்கோ. பட்டத்துச் சத்தம் எண்டு முதல்லை சனத்துக்குச் சொல்லிப்போட்டு அடியுங்கோ" என்றார்.

சொல்லிவிட்டுத்தான் வாசித்தார்கள். அத்தானைக் கதிரையில் இருத்திவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். மேடையில் இப்போதைய விளக்குகள் கண்ணைப் பறித்தன. ரீங்காரம் தூரத்தில் தொடங்கியது. இளம்பிள்ளைகள் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு ஆனந்தமாக ஆடினார்கள். அத்தான் மேடையைப் பார்க்கவில்லை. திரும்பிச் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தலைக்குமேல் வந்து பெரிதானபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்த தலைகள் எழும்பின. ஒருவரும் ஓடவில்லை, கத்தவில்லை. எழும்பி நின்றார்கள், அவ்வளவுதான். "அன்ரி, இருங்கோவன், மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு பெடியன் சொன்னபோதுதான், நானும் எழும்பி நிற்பது எனக்குத் தெரிந்தது.

அத்தான் என் கையைப் பிடித்தார்.

"சனங்கள் இப்ப எழும்பினம்," என்றார். "பாத்தியே பிள்ளை, இப்ப எழும்பினம்."