கல்யாண வீட்டுக்குப் போகாத முறுக்கு

அரியாலையில் மீனாம்பிகையின் வீட்டுக்கு யாரும் இலக்கம் கேட்டுப் போவதில்லை. ஒழுங்கைக்குள் இறங்கி எண்ணெய் மணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு பச்சைத் தகரப் படலை வரும். அதுதான் வீடு. முறுக்கு, தட்டை வடை, பகோடா என்று எது வேண்டுமானாலும் முதல் நாள் சொல்லிவிட்டால் மறுநாள் சுட்டு வைத்திருப்பாள்.

அவள் பரமலிங்கத்தாரின் மூத்த பெண். பரமலிங்கத்தார் யாரென்றால், சந்தியில் தேங்காய்க் கடை வைத்திருந்த செல்லையரின் இரண்டாம் தாரத்து மகன். கைதடியில் பெண் எடுத்தவர். அவருக்கு இரண்டே பிள்ளைகள். மீனாம்பிகைக்கு எட்டு வருடம் இளையவன் குகதாசன். தகப்பனும் தாயும் ஒரே வருடத்தில் கண்ணை மூடியபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதினொன்று. தாய் விட்டுப்போன முறுக்கு உரலையும் தாச்சியையும் வைத்துக்கொண்டுதான் அவனை வளர்த்தெடுத்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு வந்தது. நான் வந்துவிட்டால் தம்பியை யார் பார்ப்பது என்று வந்தவர்களிடம் கேட்டாள். பிறகு பேச்சும் வரவில்லை.

குகதாசன் குசினிக்குள் இருந்துதான் படிப்பான். பிழிந்த மாவை எண்ணெய்க்குள் விட்டதும் தாச்சி ஓவென்று இரையும். வேக வேக இரைச்சல் குறைந்து, கடைசியில் மழை விட்ட பிறகு தாழ்வாரம் சொட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து இறக்க வேண்டும். அவன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அக்கா, சத்தம் அடங்கிட்டுது” என்பான். அவன் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

இருபத்திரண்டு வயதில் அவனைப் பிரான்சுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே காலூன்ற அவனுக்குக் கன வருடம் பிடித்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கதைப்பான். நாற்பதைத் தாண்டியும் தனியாக இருக்கிறானே என்று தாய்வழிச் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, சாதகமும் பொருந்தி, கைதடிக்குப் போய் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். அங்கேயே ஒருத்தியைக் கல்யாணம் எழுதி நாலு மாதமாம். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க மீனாம்பிகை மறுபடியும் கைதடிக்குப் போனாள். அந்தப் பெண்ணின் தாய் ஒரு வார்த்தை ஏசவில்லை, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அதுதான் மீனாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் எடுத்தபோது, “இனி எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை. நீ எனக்கு எடுக்காதை” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழிந்தால் எடுப்பான் என்று இருந்தாள். ஒரு மாதம் போனால், வருடம் பிறந்தால் என்று இருந்தாள். சொன்னால் சொன்னபடி கேட்கிற பிள்ளையாக அவனை வளர்த்தவளும் அவள்தானே. அப்படியே பதின்மூன்று வருடம் போய்விட்டது. அந்த வீட்டுக்குள் அவளோடு கதைத்தது அடுப்பில் இருந்த தாச்சி மட்டும்தான்.

இந்த ஆவணியில், இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற வாகீசன் தன் மகள் கஜானியின் கல்யாணத்துக்கு ஐந்நூறு முறுக்குச் சொல்லியிருந்தான். ஆட்கள் வவுனியாவிலிருந்து வந்து ஆறு வருடம்தான், என்றாலும் பெரிய இடம். மீனாம்பிகை ஒரு வாரமாக மா அவித்து, அரித்து, தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்து, நானூறு சுட்டு மூன்று பிஸ்கற் தகரங்களில் அடுக்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை மிச்சம் நூறுக்குத் தாச்சி வைத்திருந்தபோதுதான் அடுத்த வளவுப் பத்மாவதி வந்தாள். வந்தவள் குசினி வாசலில் நின்றுவிட்டாள்.

“மீனாக்கா, நீங்கள் இண்டைக்கும் தாச்சி வைச்சிருக்கிறியள்?”

“வைக்காமல்? இன்னும் நூறு கிடக்கு.”

பத்மாவதி போனைத் தட்டி மீனாம்பிகையின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். ஒரு மரண அறிவித்தல். அரியாலையைப் பிறப்பிடமாகவும் பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட பரமலிங்கம் குகதாசன். படத்தில் இருந்தவனுக்குத் தலைமயிர் பாதி இல்லை. அவள் முதலில் தகப்பனின் படம் என்றுதான் நினைத்தாள். செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கீழே சொந்தங்களின் பெயர்கள் இருந்தன. பெண்சாதி, பிள்ளைகள், பெண்சாதியின் மூன்று அண்ணன்மார், அவர்களுடைய மனிசிமார், லண்டனில் இருக்கிற ஒரு சகலன். மீனாம்பிகை மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தாள். அக்கா என்று ஒருத்தியும் அதில் இல்லை.

பின்னால் தாச்சியின் சத்தம் அடங்கி வெகு நேரமாகிவிட்டது. சொல்ல ஆளில்லை. கருகின மணம் வந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பத்மாவதி அந்த அறிவித்தலைப் போன கிழமையே பார்த்தவளாம். மீனாக்காவுக்குத் தெரியும், தெரிந்தும் கோபத்தில் தாச்சி வைக்கிறா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாளாம். செத்த வீட்டுத் தீட்டான துடக்கு முப்பத்தொரு நாள். அது கழியும்வரை எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறாது. துடக்குக்காரர் கை பட்ட பலகாரம் கல்யாண வீட்டுப் படலையைத் தாண்டவும் கூடாது. கல்யாணம் கட்டிப்போன சகோதரி என்றால் மூன்று நாளோடு போய்விடும். கட்டாமல் இருந்தவள் பிறந்த வீட்டுக்காரிதான், முப்பத்தொன்றும் அவளுக்கு உண்டு.

பத்மாவதி போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “பேர் போடாத ஆளுக்கு என்ன துடக்கு? நான் வாய் திறக்கமாட்டன். நீங்கள் சுட்டுக் குடுங்கோ.”

மீனாம்பிகை அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு இருந்துவிட்டாள். பத்மாவதி சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவன் வீட்டார் இவளைச் சேர்க்கவில்லை. இவளும் வாயாலே அறுத்துவிட்டவள். வாகீசன் வீட்டுக்குச் சொன்னால் நானூறும் வீண். அடுத்த கல்யாணத்துக்கு இவளைக் கூப்பிடுகிறவர்களும் யோசிப்பார்கள். எல்லாம் சரி. ஆனால் எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டியது. குகதாசன் தம்பி இல்லை என்றால் முறுக்கு நல்ல முறுக்கு. தம்பி என்றால் அது கல்யாணத்துக்கு ஆகாது.

வெயில் குசினி வாசலைத் தாண்டும்வரை அப்படியே இருந்தாள். பிறகு எழும்பி அடுப்புக்குத் தண்ணீர் தெளித்தாள். ஆறிய எண்ணெயை வேலியோரம் ஊற்றிவிட்டுத் தாச்சியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். கிணற்றடியில் தலை முழுகி, ஈரத் தலையோடு வாகீசன் வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே மதிலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாகீசனின் மனிசி தக்சாயினி விறாந்தையில் நின்று கண்டுவிட்டு வந்தாள்.

“உள்ளுக்கு வாங்கோவன் மீனாக்கா, ஏன் றோட்டிலை நிக்கிறியள்?”

“வரக்கூடாது பிள்ளை. எனக்குத் துடக்கு.”

“ஆர்?”

“என்ரை தம்பி.”

தக்சாயினி அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். “உங்களுக்குத் தம்பி இருந்தவரே?”

“இருந்தவன். நான்தான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.”

தக்சாயினி குறை சொல்லவில்லை. எப்போது என்று கேட்டு, மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். வந்து சொன்னது நல்லது, தாங்கள் வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றாள். என்ன வருத்தம் வந்து செத்தான் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மீனாம்பிகைக்குத் தெரியாது. அறிவித்தலில் அது போட்டிருக்கவில்லை.

செத்த வீடு என்றால் வாசலில் வெள்ளைக்கொடி கட்டி, வாடகைக் கதிரை அடுக்கியிருக்கும். முதல் நாளில் அயலார் சமைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே என்ன இருக்கிறது, யார் வருவார்கள்? செவ்வாய் பின்னேரமும் புதன் முழுவதும் படலை திறக்கவில்லை. அவள் சோற்றை வடித்துத் தனியே தின்றாள். கைக்கு வேலை இல்லாமல் உரலைக் கழுவினாள், கழுவினதைத் திரும்பவும் கழுவினாள்.

வியாழக்கிழமை லூர்த்தம்மா வந்தாள். குருநகரிலிருந்து மீன் கொண்டுவருகிறவள், இருபது வருடப் பழக்கம். மீன்பெட்டியைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். எண்ணெய் மணத்தைக் காணவில்லை, ஆள் படுத்துவிட்டாளோ என்று பார்க்க வந்தாளாம். மீனாம்பிகை விஷயத்தைச் சொன்னாள். லூர்த்தம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு குசினிப் படியில் குந்தினாள். மூன்று தகரங்களையும் பார்த்தாள்.

“உங்கடை துடக்கு எங்களுக்கு ஒட்டாதுதானே?” என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்கு நிற்காமல் ஒரு முறுக்கை எடுத்து முறித்தாள். மென்று பார்த்துவிட்டு, “எள்ளு கூடிப்போச்சு மீனா” என்றாள்.

“கலியாண வீட்டுக்காரர் அப்படித்தான் கேட்டவை.”

“அவை தின்னேல்லைத்தானே. உதுகளைத் தா, எங்கடை மாதா கோயிலடிப் பிள்ளையள் தின்னட்டும்.”

மீனாம்பிகை தகரங்களைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள், ஒன்றைத் தவிர. அது திறந்தபடி லூர்த்தம்மாவின் பக்கத்தில் இருந்தது. மீன் வெயிலில் கிடக்கிறது என்று சொல்லியும் அவள் எழும்பவில்லை.

“தம்பியின்ரை பேரென்ன? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பேர் குடுக்கலாம்.”

பதின்மூன்று வருடமாக அந்த வீட்டுக்குள் சொல்லாத பெயர்.

“குகதாசன்” என்றாள் மீனாம்பிகை. பிறகு, “பரமலிங்கம் குகதாசன். அக்கா மீனாம்பிகை எண்டு அதிலை ஒருக்கால் போடச்சொல்லு” என்றாள்.

லூர்த்தம்மா ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்தாள்.