மகளுக்கு ஊற்றிய வரக்காப்பி

பல்லடத்தில் தறிக்குடோன் வைத்திருந்த எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்தால் பால் சேர்க்காமல் கருப்பட்டி போட்ட வரக்காப்பியைச் சுடச்சுடக் குடிப்போம். அது தூசியை அறுத்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். பி.காம். படித்த நானும் நம்பினேன். எனக்கு அந்தக் காப்பியோடு சிகரெட்டும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று இறங்காது.

வீட்டுக்குப் பின்னாலேயே எட்டுத் தறி ஓடியது. காலையில் நான் இருமுவதைக் கேட்டு மனைவி சொல்வாள்: "குடோன்ல எட்டு, உங்க நெஞ்சுல ஒண்ணு. ஆக ஒம்போது தறிங்க நமக்கு." எல்லாம் தூசி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பது வயது மகளுக்கு மூச்சிழுப்பு வர ஆரம்பித்தது. அதற்கும் தூசியையே காரணமாக்கினேன். அவள் படுக்கும் அறையில் தறிப் பக்கம் இருந்த ஒரே சன்னலைச் சாத்தி, மேலே சாக்கை வைத்து ஆணியடித்தேன். சாயங்காலம் அவளுக்கும் வரக்காப்பி. கசக்கிறது என்று முகம் சுளிப்பாள். குடித்து முடிக்கும்வரை கட்டிலருகே உட்கார்ந்து நானும் குடிப்பேன், கையில் சிகரெட்டோடு. அந்த அறையிலிருந்து புகை எந்த வழியாகப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு ஐப்பசி மழை நாளில் பள்ளியிலிருந்து வந்ததும் இழுப்பு கண்டது.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கே கூட்டிட்டுப் போயிரலாமுங்க. எனக்கென்னமோ பயமா இருக்குது."

"இந்த மழைல எங்க போறது? காப்பி வெச்சுக் குடு. உட்டுரும்."

குடித்தாள். அரைமணி நேரம் இழுப்பு தணிந்தது. "பாத்தியா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒன்றைப் பற்றவைத்தேன். அது முடிவதற்குள் மகள், "அப்பா" என்ற சொல்லைப் பாதியில் விட்டாள். உதடுகள் நீலமாயிருந்தன.

கோயமுத்தூர் போகும் டாக்சியில் மனைவி அவளை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, புகைபோல் வரும் மருந்தைக் கொடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் சீரானதும் டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல யாரு சிகரெட் பிடிக்கறது?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கினாள். "அப்பா எம் பக்கம் ஊதவே மாட்டாங்க. அந்தப் பக்கம் திரும்பிட்டுத்தான் ஊதுவாங்க."

டாக்டரம்மா முகமூடியைத் திரும்ப வைத்துவிட்டு, என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "காப்பி கொஞ்ச நேரத்துக்கு மூச்சைத் தளர்த்தும். அது மருந்தில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பி உக்காந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்க கையில இல்லைங்க."

கீழே பேக்கரியில் ஒரு காப்பி வாங்கினேன். சொல்லக் கூசுகிறது. அன்றும் பற்றவைத்தேன். திரும்பி வந்து கட்டிலருகே குனிந்ததும் மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நர்ஸ் என் சட்டையை முகர்ந்தது போல மூக்கைச் சுளித்து, "வெளிய நில்லுங்க" என்றார். கதவின் கண்ணாடி வழியாக, மகளின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் கடைசி சிகரெட்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பிழைத்துவிட்டாள் என்றார்கள். அதன் பிறகு, காலையில் நான் கொண்டுபோய் விடும்போது, பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவாள். "செருப்பு வார் கழண்டுருச்சுங்கப்பா" என்று குனிவாள். கழன்றிருக்காது. எனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாள். நானும் தெரியாதவன் போல, இரண்டு படி கீழே நிற்பேன்.