கரடிப்பாறை விலக்கு

சோலைமலை ஓட்டிய ஜீப்புக்கு முதலாளி போடியில் இருந்தார். அந்த ஜீப்பை நம்பிய சனம் சிலமலையில் இருந்தது. கோழி கூப்பிட ஊர் மந்தைத் திடலில் நின்று ஹாரனை ஒரு தட்டு தட்டினால் போதும். தூக்குச்சட்டியும், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணிச் சாக்குமாகப் பெண்கள் வந்து ஏறிவிடுவார்கள். போடியைத் தாண்டி, முந்தல் சோதனைச் சாவடியில் நின்று, வளைந்து வளைந்து மேலேறினால் போடிமெட்டு. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே தார் ரோட்டிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மண்பாதைகள் பிரியும். நாவலாத்து விலக்கு, சாமிப்பாறை விலக்கு, தகரக்கொட்டகை விலக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். விலக்குக்கு விலக்கு ஜீப் நிற்கும். நாலைந்து பேர் இறங்கிச் செடிமறைவில் காணாமல் போவார்கள். சாயங்காலம் அதே இடத்தில் நின்று ஏற்றிக்கொண்டு வரவேண்டும். யார் எங்கே இறங்குவார்கள் என்பது சோலைமலைக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

ராமுத்தாய் தகரக்கொட்டகை விலக்கில் இறங்குகிறவள். அவள் புருசன் தவசி, சோலைமலைக்கு மாப்பிள்ளை முறை. ஒரு சோடி மாடும் மானாவாரி நிலமும் வைத்திருந்தான். மாட்டின்மேல் தார்க்குச்சி படவிடாத ஆள், குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பான். ஊருக்கே தெரியும். சோலைமலை ஒருமுறை, "மாப்ளே, இது நல்லால்ல" என்று சொல்லிப் பார்த்தான். அன்றைக்கு அவளுக்கு விழுந்தது ரெட்டை மடங்கு. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

எழுபத்து மூன்றாம் வருசம் ஆனி மாதத்தில் ஒருநாள். தகரக்கொட்டகை விலக்கில் எல்லாரும் இறங்கிய பிறகும் ராமுத்தாய் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கீழே நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கூப்பிடவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

"எறங்கலையா தாயி?"

"மேல போங்கண்ணே."

கடைசியில் இருப்பது கரடிப்பாறை விலக்கு. சிலமலைச் சனம் யாரும் அங்கே வேலைக்குப் போனதில்லை. எப்போதாவது ஏலக்காய் மூட்டை லோடு ஏற்ற அவன் மட்டும் விலக்கு வரைக்கும் போவான். அங்கே அவள் இறங்கினாள். அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தான். தோட்டைப் பிடித்து இழுத்ததில் ஒரு காது கிழிந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்குத்தான் இங்க எறங்குறேன்."

"சுருளியம்மா?"

மகள் பேரைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆறு வயசுப் பிள்ளை. "கையில பிள்ளையோட போனா வெரசாக் கண்டுபிடிச்சிருவாரு. இருக்க ஒரு எடம் அமையட்டும். ரோட்டுல வந்து நிக்கிறேன். ஒங்க ஜீப்பு இங்கிட்டு வருமுல்ல, அப்பச் சொல்றேன். பிள்ளையக் கொண்டாந்து விட்ருங்கண்ணே."

சரி என்றான்.

அன்று சாயங்காலம் மந்தையில் தவசி நின்றிருந்தான். "எங்க மச்சான் அவ?"

"தகரக்கொட்டகையிலதான் எறங்குனா. திரும்பி வரலை மாப்ளே."

கூட வந்த பெண்களையும் கேட்டான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை; ஆனாலும் அத்தனை பேரும் ஒரே பேச்சாக, "எறங்குனா, செடிக்குள்ள போனா, பெறகு பாக்கலை" என்றார்கள்.

தவசி தேடத் தொடங்கினான். தினமும் அதே ஜீப்பில் ஏறி வந்து, ஏதாவது ஒரு விலக்கில் இறங்கி, தோட்டம் தோட்டமாக விசாரித்துவிட்டுச் சாயங்காலம் ஏறிக்கொள்வான். முன்சீட்டில் சோலைமலைக்குப் பக்கத்திலேயே உட்காருவான். வண்டி மேலே போகப் போக சோலைமலை அவன் பக்கம் முகத்தைத் திருப்பாமலே ஓட்டுவான். இன்றைக்கில்லாவிட்டாலும் ஒருநாள் கரடிப்பாறைக்கு வருவான், அப்போது என் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தான். முதலாளியிடம் போய், மெட்டு ரோட்டில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, குரங்கணிக்கு மாற்றிக்கொண்டான். ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் குரங்கணி ரோட்டில் காப்பி மூட்டை ஏற்றினான். மெட்டு ரோட்டில் வேறு ஆள் ஓட்டினான்.

அந்த ஆடியில் மலையில் மழை விடாமல் அடித்தது. தவசி கரடிப்பாறை வரைக்கும் போகவேயில்லை. பாதையெல்லாம் சறுக்கி, காலில் அடிபட்டு, தேடுவதை விட்டுவிட்டான்.

கார்த்திகையில் சோலைமலை பழைய ரோட்டுக்குத் திரும்பினான். கரடிப்பாறை விலக்கு வரும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி ஹாரன் அடிப்பான். அட்டைப்பூச்சி நெளிகிற ஈரமண்பாதை மட்டும் கிடக்கும். பொங்கல் போனது, சித்திரை போனது. யாரும் வந்து நிற்கவில்லை. முதலில் கவலையாக இருந்தது. பிறகு அந்தக் கவலை கோபமாக மாறிற்று. ஒரு எடம் அமைந்ததும் பிள்ளையை மறந்துவிட்டாள் என்று நினைத்தான். கூப்பிடாத இடத்துக்கு நாமாக ஏன் போகவேண்டும் என்றும் நினைத்தான். இறங்கி நடந்தால் அரை மைலில் தொழிலாளர் லயன் வீடுகள் இருந்தன. அவன் போகவில்லை.

சுருளியம்மாள் பாதி நாள் சோலைமலை வீட்டில்தான் வளர்ந்தாள். அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள்தான் தலை சீவிவிட்டாள், சோறு போட்டாள். "பெத்ததை விட்டுட்டுப் போக எப்பிடித்தான் மனசு வந்துச்சோ அந்த முண்டைக்கு" என்று பிள்ளையின் காதுபடவே திட்டுவாள். சோலைமலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். வருசங்கள் போகப் போக அவனுக்கும் அந்தத் திட்டு நியாயமாகவே பட்டது.

தவசி வேறு கல்யாணம் செய்யவில்லை. மாட்டை விற்றான். குடியைக்கூட ஒரு கட்டத்தில் விட்டுவிட்டான். தினமும் ஜீப் திரும்புகிற நேரத்துக்கு மந்தையில் வந்து உட்கார்ந்து, இறங்குகிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்ப்பான். கடைசிப் பெண்ணும் இறங்கிய பிறகு எழுந்து போவான். சோலைமலை அந்த நேரத்தில் வண்டியின் தார்ப்பாயை அவிழ்ப்பதுபோல் மறுபக்கம் போய்விடுவான். பின்னால் சுருளியம்மாளே பெரியவளாகி ஏலக்காய் எடுக்க மலைக்கு வரத் தொடங்கினாள். அம்மா இறங்கிய அதே தகரக்கொட்டகை விலக்கில்தான் அவளும் இறங்கினாள்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. மலையிலேயே ஏலச்செடி காய்ந்து சருகாகிற காலத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பங்குனியில் தவசி படுத்துவிட்டான். ஈரல் கெட்டுப்போயிற்று என்றார் போடி டாக்டர். பார்க்கப் போன சோலைமலையிடம், மகளை வெளியே அனுப்பிவிட்டு அவன் பேசினான்.

"மச்சான், நீங்கதான் எங்கயோ கொண்டுபோயி விட்டிங்க. எனக்குத் தெரியும்."

சோலைமலை கதவுப் பக்கம் பார்த்தான்.

"எங்கன்னு கேக்கலை. கேக்க எனக்கு யோக்கியதையில்லை. நான் போனப்பெறகு அவகிட்டச் சொல்லுங்க. பயப்படாம வந்து பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். காரியம் முடிந்ததும், பெண்களை அந்தந்த விலக்கில் இறக்கிவிட்டு, சோலைமலை கரடிப்பாறை மண்பாதையில் வண்டியை இறக்கினான். பாதை முழுக்கப் புழுதி. லயன் வாசலில் ஒரு மலையாளக் கிழவி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்னம்மா என்று பேர். காது கிழிந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இங்கே இருக்கிறாளா என்று கேட்டான்.

"செல்வியல்லே? அவள் மரிச்சுப்போயி."

பேரை மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. "எப்ப?"

"வந்ந கொல்லம் தன்னே. பெரிய மழையிலே, பனி பிடிச்சு."

கொல்லம் என்றால் அவர்கள் பேச்சில் வருசம், பனி என்றால் காய்ச்சல். அந்த ரோட்டில் ஓடுகிற எவனுக்கும் தெரியும். கிழவி தனக்குத் தெரிந்த தமிழில் மற்றதையும் சொன்னாள். வேலை முடிந்ததும் அந்தப் பெண் தினமும் ரோட்டுக்குப் போய்விடுமாம். அண்ணன் ஜீப்பு வரும், என் பிள்ளையக் கொண்டுவரும் என்று சொல்லுமாம். ஜீப்பு வந்தால் ஓட்டுகிற ஆளைப் பார்த்துவிட்டு, இது அண்ணன் இல்லை என்று செடிக்குள் ஒளிந்துகொள்ளுமாம். இருட்டுகிற வரைக்கும் மழையில் நனைந்துகொண்டே நிற்குமாம்.

"எத்தர பறஞ்சாலும் கேக்காது. நனைஞ்சு நனைஞ்சு பனி வந்நு."

புதைத்த இடத்தைக் காட்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பலா மரத்தை ஒட்டி. பின்னால் அந்த இடத்திலும் ஏலச்செடி வைத்துவிட்டார்கள். அதுவும் இந்த வறட்சியில் கருகிக் கிடந்தது. எது மேடு, எது பள்ளம் என்று அடையாளம் தெரியவில்லை. சோலைமலை வண்டியில் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அன்று பொழுது இறங்கும்போது சுருளியம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாளும் கூட இருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குரங்கணிக்குப் போனதையும் மறைக்கவில்லை.

சுருளியம்மாள் ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "எங்கப்பா தெனமும் மந்தையில வந்து ஒக்காந்திருந்தாரே மாமா. அப்பவும் ஒங்களுக்குத் தெரியுமா?"

"எறங்குன எடந்தான் தெரியும் தாயி. மத்தது இன்னைக்குத்தான் தெரியும்."

"எடம் தெரியுமுல்ல. ஒருவாட்டி எறங்கிப் பாத்திருக்கலாமுல்ல."

எரிகிற விறகை அவள் அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள்.

"நான் எங்காத்தாளை இத்தனை வருசமும் வஞ்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. சுந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரே ஒருநாள் அவள் அந்த ஜீப்பில் கரடிப்பாறைக்கு வந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தும் பின்னால்தான் உட்கார்ந்தாள். பலா மரத்தடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீங்க போங்க, நான் பஸ்சுல வந்துக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு அவன் ஹாரன் சத்தத்துக்கு அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. சிலமலையிலிருந்து போடிக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலைக்குப் போனாள்.

மறுவருசம் மழை வந்து செடிகள் துளிர்த்தன. அவளைப் பொட்டிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முதலாளி ஜீப்பை விற்றபோது சோலைமலை வேறு வண்டி தேடவில்லை; முட்டிவலி என்று சொல்லி வீட்டோடு இருந்துவிட்டான். சுருளியம்மாளுக்குப் பிள்ளை பிறந்தபோது சுந்தரம்மாள் மட்டும் போய்க் கூட இருந்துவிட்டு வந்தாள்.

"பொம்பளைப் பிள்ளை" என்றாள்.

செத்த ஆத்தா பேரைத்தான் மூத்த பெண்பிள்ளைக்கு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்; என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள்.